பதினேழாம் நம்பர் பண்டல்

புதன்கிழமை, மாலை 4.05.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனி. இரண்டாம் மாடியில் செக்கிங் ஹால். நல்லம்மாள் மேஜைமேல் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். பன்னிரண்டு வருஷமாக வேலை நேரத்தில் தலை சாய்க்காத மனுஷி. பக்கத்து மேஜை ஜுபைதா தோளைத் தொட்டு உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. சற்றுமுன் குடித்த டீ மூக்கு வழியாக வந்து மேலுதட்டில் நின்றது.

"நல்லக்கா! ஏனுங்க, யாராச்சும் ஓடியாங்களே! அக்கா மூச்சு உடமாட்டேங்கறாங்க!"

நாலு பேர் தூக்கிவந்து சரக்கு வேனில் படுக்கவைத்தார்கள். ஜுபைதா தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். நல்லம்மாளின் வலது கண் மூடியிருந்தது. இடது கண் பாதி திறந்திருந்தது. அந்த இமைக்கும் புருவத்துக்கும் நடுவே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. துணியில் பழுது இருக்கும் இடத்தைக் காட்டுவதற்காக செக்கிங் பெண்கள் ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. மேஜை பூராவும் அவை இறைந்து கிடந்ததால், விழுந்தபோது ஒட்டியிருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். முகத்தைத் துடைக்கும்போது ஜுபைதா அதைப் பிய்த்து எறிந்தாள்.

அன்று காலையில்தான் கம்பெனியில் பெரிய ரகளை நடந்திருந்தது. அதனால் வேன் கேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே 'விஷம்' என்ற சொல் கீழ்மாடிக்கு இறங்கிவிட்டது.

மாலை 4.50. அரசு மருத்துவமனை, அவசரப் பிரிவு.

எஸ்.ஐ. இந்துமதி வந்தபோது நல்லம்மாளின் தொண்டைக்குள் குழாய் இறக்கி, மூச்சுக் கருவியோடு இணைத்திருந்தார்கள். இந்துமதிக்கு முப்பத்தைந்து வயது. கள்ளனையும் கொலைகாரனையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பாள். மூன்று தரமும் ஒரே பதில் வந்தால் அப்புறம்தான் அவளுக்குச் சந்தேகமே ஆரம்பிக்கும்.

"என்ன விஷம் டாக்டர்?"

"அதை நீங்க கண்டுபிடிச்சுச் சொன்னா நான் மாற்று மருந்து கொடுப்பேன்," என்றாள் டாக்டர் ஆஷா. "பூச்சி மருந்துன்னா கண் பாவை சுருங்கிப்போகும். வேர்த்துக் கொட்டும். இவங்களுக்கு ரெண்டும் இல்லை. கட்டுவிரியன் கடிச்சா இமை இறங்கும், மூச்சு நிக்கும். ஆனா கடிவாயைக் காணோம். இருந்தாலும் விஷமுறிவு மருந்து கொடுத்துப் பார்க்கறேன்."

"பிழைப்பாங்களா?"

"மூச்சைக் கருவி பார்த்துக்கும். காரணம் தெரியாம எத்தனை நாள் தாங்குவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

கட்டிலின் கால்மாட்டில் நின்று நல்லம்மாளின் கணவன் முருகவேல் கத்திக்கொண்டிருந்தான். சாயப்பட்டறையில் மூட்டை தூக்குகிற ஆள். கை இரண்டிலும் நீலச் சாயம்.

"அந்த ஜுபைதாதானுங்க மேடம்! சூப்பர்வைசர் வேலைக்கு ரெண்டு பேர்த்துல ஒருத்தரைத்தான் போடறதுன்னு மொதலாளி சொல்லியிருந்தாரு. எம்பொண்டாட்டி இருந்தா இவளுக்கு எங்க வரும்? டீ வாங்கிக் குடுத்ததே அவதானுங்க. அவளை உட்டுறாதீங்க!"

வாசலில் நின்ற ஜுபைதா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏட்டு கைருதீன் அதைக் குறித்துக்கொண்டார்.

மாலை 5.20. முதலாளி அறை.

மகுடேஸ்வரனின் மேஜைமேல் குழந்தைகள் போடும் டீ-சர்ட்டுகள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் உளுந்து அளவுக்கு ஓட்டை. ஒவ்வொன்றின் கழுத்திலும் 17 என்று குட்டி ஸ்டிக்கர்.

"காலையில சரக்கு வாங்கற பையரோட ஆளு வந்து பார்த்தாருங்க. நாப்பத்தாறு பீஸ் ஓட்டை. நாப்பத்தாறும் பதினேழாம் நம்பர். அது பீஸைப் பார்த்து பாஸ் பண்ணுன நல்லம்மா நம்பருங்க. மொத்த ஷிப்மென்ட்டையும் நிறுத்திப்போட்டாரு."

"நல்லம்மாளைக் கேட்டீங்களா?"

"கூப்புட்டுச் சத்தம் போட்டேனுங்க. அவ பேசுனதே வெளங்கல. மூக்காலயே முனகுனா. அழுகையை அடக்கறான்னு நெனச்சேன். பன்னெண்டு வருசத்துல ஒரு ஓட்டையை உட்டவ இல்லீங்க அவ. யாரோ வேணும்னே கத்தரிச்சு உட்டிருக்காங்க. இதப் பாருங்க."

கம்ப்யூட்டரில் கேமரா பதிவை ஓட்டினார். மூன்று காட்சிகள். மூன்றிலும் ஜுபைதா.

மதியம் 1.40. ஜுபைதா எதையோ நல்லம்மாளின் உள்ளங்கையில் வைக்கிறாள். நல்லம்மாள் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, விழுங்க முடியாமல் நெஞ்சைத் தட்டுகிறாள்.

மாலை 3.45. ஜுபைதா டீ டம்ளரை நீட்டுகிறாள்.

மூன்றாவது ஒரே நாள் காட்சி இல்லை. ஒரு மாதமாக, எல்லாரும் கிளம்பிய பிறகு மாலை 6.15-க்கு ஜுபைதா திரும்பிவருகிறாள். பதினேழாம் நம்பர் பண்டல்களைப் பிரிக்கிறாள். டியூப் லைட்டுக்குக் கீழே ஒவ்வொரு பீஸாக விரிக்கிறாள். கையில் நூல் வெட்டுகிற டிரிம்மர். முக்கால் மணி நேரம் கழித்துப் பழையபடி கட்டிவைத்துவிட்டுப் போகிறாள்.

"ஒருத்தர் நம்பர் பண்டலை இன்னொருத்தர் தொடக் கூடாதுங்கறதுதான் இங்க மொத ரூலு," என்றார் மகுடேஸ்வரன். "தொட்டா யாரு தப்பு பண்ணுனாங்கன்னு எப்படிங்க தெரியும்? தொட்டவங்களை அன்னிக்கே அனுப்பிருவேன். இது அத்தனை பேர்த்துக்கும் தெரியும்."

கைருதீன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "கேசு முடிஞ்ச மாதிரிதானுங்க மேடம்."

"முடிஞ்ச மாதிரி இருக்கற கேசைத்தான் ஏட்டய்யா இன்னொரு தரம் பார்க்கணும்."

ஜுபைதாவை அழைத்தார்கள்.

"மதியம் என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலீங்க."

"கேமராவுல இருக்கு."

ஜுபைதா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

"சாயங்காலம் அவங்க பண்டலை எதுக்குப் பிரிச்சீங்க?"

ஜுபைதா முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள்.

"சூப்பர்வைசர் வேலை வேணுமா?"

"வேண்டாமுங்க. அது அக்காவுக்குத்தான் வரோணும்."

"நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வாங்க," என்றாள் இந்துமதி. "அந்தம்மா உசுரு போச்சுன்னா இது கொலைக் கேசு. உங்க பேர்லதான் எழுதுவேன். ராத்திரி பூரா யோசிச்சுட்டு வாங்க."

வியாழக்கிழமை, காலை 9.30. செக்கிங் ஹால்.

டீயில் ஒன்றுமில்லை. அதே கேத்தலில் இருபது பேர் குடித்திருந்தார்கள். இருபது பேரும் இன்று வேலைக்கு வந்திருந்தார்கள். இந்துமதியின் கண் சுவரில் இருந்த வெள்ளைப் பலகைமேல் விழுந்தது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் யார் எத்தனை பீஸ் பார்த்தார்கள் என்று எழுதுகிற பலகை. தினமும் சாயங்காலம் அதை போட்டோ எடுத்துத் தன் வாட்ஸப்பில் வைத்துக்கொள்வது மகுடேஸ்வரனின் வழக்கம். சூப்பர்வைசர் நாற்காலி காலியானதிலிருந்து பலகையைக் கவனிப்பதையும் அவரே செய்துவந்தார்.

"நாலு மாச போட்டோவையும் காட்டுங்க. பதினேழாம் நம்பர் மட்டும் போதும்."

நாலு மாதம் முன்னால் நல்லம்மாளின் எண்ணிக்கை அசையவே இல்லை. காலை ஒன்பதுக்கும் தொண்ணூறு, மாலை ஐந்துக்கும் எண்பத்தெட்டு. மூன்று மாதம் முன்னால் சரிவு ஆரம்பித்திருந்தது. காலையில் தொண்ணூறு. பிறகு எண்பது. பிறகு அறுபத்தைந்து. மதியம் பன்னிரண்டு மணிக்கு ஐம்பது. சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் மறுபடி எண்பது. அங்கிருந்து மறுபடி சரிந்து மாலையில் நாற்பது. மறுநாள் காலை புத்தம்புதுசாகத் தொண்ணூறு. ஞாயிறு லீவு முடிந்த திங்கள் காலையில் தொண்ணூற்றைந்து.

"சோம்பேறித்தனமுங்களா?" என்றார் கைருதீன்.

"சோம்பேறி காலையிலயும் சோம்பேறிதான் ஏட்டய்யா. இது ஓய்வெடுத்தா சரியாகுது. உழைச்சா கெடுது."

அடுத்து ஓட்டை பீஸ்களின் பண்டல் சீட்டுகளைக் கேட்டாள். ஒவ்வொரு சீட்டிலும் தேதியும் மணியும் எழுதியிருக்கும். நாற்பத்தாறு பீஸும் இரண்டே நாட்களில் பார்த்தவை. போன வெள்ளி, போன சனி. மணி பன்னிரண்டு முதல் ஒன்று வரை, இல்லையென்றால் மாலை நாலு முதல் ஆறு வரை. காலையில் பார்த்த பீஸ் ஒன்றுகூட இல்லை.

பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். போன வெள்ளியும் சனியும் ஜுபைதா லீவு. தாராபுரத்தில் தங்கைக்கு நிக்காஹ்.

"அதானே பார்த்தேன்!" கைருதீன் தொடையைத் தட்டினார். "தான் இல்லாத நாளாப் பார்த்து வேற ஆளை வெச்சு ஓட்டை போட்டிருக்கா!"

"ஒரு மாசமா தினமும் பண்டலைப் பிரிச்சிருக்காங்க. அந்த நாள்ல எல்லாம் ஒரு ஓட்டைகூட வெளியே போகலை. பிரிக்காதது ரெண்டே நாள். அந்த ரெண்டு நாள்ல நாப்பத்தாறு." இந்துமதி பதிவேட்டை மூடினாள். "வாங்க, பதினோரு மணி ஆகப்போகுது."

காலை 11.10. காவல் நிலையம்.

"ஜுபைதா, நான் சொல்றேன், சரியான்னு மட்டும் சொல்லுங்க. அந்த ஓட்டையெல்லாம் துணி பின்னும்போதே விழுந்தது. நல்லம்மாள் பார்க்காம உட்டது. நீங்க சாயங்காலம் போய் அதையெல்லாம் பொறுக்கி எடுத்தீங்க."

ஜுபைதா தலை குனிந்தாள்.

"ஆமாங்க. ஒரு நாள் அக்கா பாஸ் பண்ணுன பீஸ்ல ஓட்டையைப் பார்த்தேன். அக்காகிட்டச் சொன்னா தாங்க மாட்டாங்க. மொதலாளிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் அனுப்பிருவாரு. அவங்க சம்பளத்துலதானுங்க ஊடு ஓடுது. அதான் யாருக்கும் தெரியாம பண்டல் கட்டை டிரிம்மர்ல வெட்டிப் பிரிச்சு நானே..."

"அவங்களுக்குக் கண்ணு என்ன ஆச்சு?"

"ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு சொல்வாங்க. ஒத்தக் கண்ணைக் கையால மூடிட்டுப் பார்ப்பாங்க. கண்ணாடி மாத்துனாச் சரியாயிரும்பாங்க. காலையில நல்லாத்தான் இருப்பாங்க. சாயங்காலம் ஆக ஆகத்தானுங்க. சோத்தைக்கூட மெல்ல முடியாம பாதியில வெச்சிருவாங்க."

"வேன்ல ஏத்தும்போது கண்ணு மூடியிருந்ததா?"

"ஒரு கண்ணு மூடியிருந்துச்சு. இன்னொண்ணு பாதி திறந்திருந்துச்சுங்க. அதுல அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கெடந்துச்சு. நான் பிச்சேன். பிச்சதும் அந்தக் கண்ணும் மூடிருச்சு."

இந்துமதி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "இன்னொரு தரம் சொல்லுங்க."

ஜுபைதா சொன்னாள். அதே பதில். இந்த முறை இந்துமதிக்குச் சந்தேகம் வரவில்லை.

"மதியம் குடுத்த மாத்திரை?"

"இருமலுக்குங்க. மெடிக்கல்ல கேட்டு வாங்குனேன். அஸித்ரோமைசின்னு எழுதியிருந்துச்சு. தினம் ஒண்ணு, மூணு நாளைக்கு. நேத்து மூணாவது. அந்த மாத்திரையிலதான் அக்காவுக்கு இப்படி ஆயிருச்சுங்களா? நானா கொன்னுட்டேன்?"

இந்துமதி உடனே டாக்டர் ஆஷாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டாக்டர், நாம நேத்துல இருந்து நேத்து நடந்ததைத் தேடிட்டிருக்கோம். இது மூணு மாசமா நடக்குது. தினமும் டைம்டேபிள் போட்ட மாதிரி." பலகையின் எண்ணிக்கை, இரட்டைப் பார்வை, மூக்கால் பேச்சு, பாதியில் நின்ற சாப்பாடு, மாத்திரை என்று வரிசையாகச் சொன்னாள். "கடைசியா ஒண்ணு. தொங்குன இமையைத் தூக்கி நிறுத்தறதுக்கு அந்தம்மா அதுமேல ஸ்டிக்கர் ஒட்டிட்டு வேலை பார்த்திருக்காங்க."

ஆஷா சொன்னாள்: "உடனே வாங்க. வரும்போது யாரையாவது அனுப்பி ஐஸ் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

மதியம் 12.20. தீவிர சிகிச்சைப் பிரிவு.

மயக்க மருந்தைக் காலையிலேயே நிறுத்தியிருந்தார்கள். நல்லம்மாள் அசையாமல் கிடந்தாள். இரண்டு இமைகளும் கீழே. ஆஷா ரப்பர் கையுறையில் ஐஸ் துண்டுகளைப் போட்டு முடிந்து, இடது கண்மேல் வைத்தாள். கைருதீன் வெளியே கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷம். இந்துமதி தன் சர்வீஸில் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருக்கிறாள், தீ விபத்து பார்த்திருக்கிறாள். எதிலும் அவள் இப்படிக் காத்து நின்றதில்லை.

ஆஷா ஐஸை எடுத்தாள்.

இடது இமை மெல்ல மேலே போனது. ஸ்டிக்கரும் இல்லை, விரலும் இல்லை. அதுவாகவே போனது. உள்ளேயிருந்த கண் அறையைச் சுற்றிப் பார்த்து, காக்கிச் சட்டையில் வந்து நின்றது. மயங்கிய ஆளின் பார்வை இல்லை அது. எல்லாம் தெரிந்த ஆளின் பார்வை. இந்துமதி கட்டிலுக்கு இன்னும் நெருங்கி நின்றாள்.

"விஷம் பொதுவா இப்படி ஐஸுக்கு வழிவிடாது," என்றாள் ஆஷா. "குளிர்ச்சி பட்டா இமைக்குக் கொஞ்ச நேரம் பலம் வர்ற நோய் ஒண்ணு இருக்கு. நெஞ்சை ஸ்கேன் எடுக்கணும். குற்றவாளி எங்கே ஒளிஞ்சிருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மாலை 4.00. மருத்துவமனைத் தாழ்வாரம்.

மகுடேஸ்வரனும் முருகவேலும் பெஞ்சில் இருந்தார்கள். ஜுபைதா தூணோரம் நின்றாள். இந்துமதி ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, எலுமிச்சை அளவில் ஒரு வெள்ளைத் திட்டு.

"நல்லம்மாள் விஷம் குடிக்கலை. யாரும் குடுக்கவும் இல்லை. உங்க பீஸை யாரும் கத்தரிக்கவும் இல்லை. ஷிப்மென்ட்டை நிறுத்துனதும் அவங்க மூச்சை நிறுத்துனதும் ஒரே ஆளு. அந்த ஆளு இங்க இருக்கான். அவங்க உடம்புக்குள்ளயே."

முருகவேல் வாயைப் பிளந்தான். "புரியலீங்களே மேடம்."

"டாக்டர் சொல்வாங்க. எனக்கே மதியம் ரெண்டு தரம் சொல்லித்தான் புரிஞ்சுது."

ஆஷா பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தாள். "நம்ம ரத்தத்துல டி செல்னு ஒரு காவல்படை இருக்கு. கிருமி வந்தா அடையாளம் பார்த்துக் கொல்றது அதோட வேலை. ஆனா கொல்லத் தெரிஞ்சவனை அப்படியே ஊருக்குள்ள விட முடியுமா? நம்மையே அடிச்சுட்டா? அதனால ஒவ்வொரு டி செல்லும் முதல்ல இங்கே வரணும்." படத்தில் அந்த இடத்தைத் தொட்டாள். "தைமஸ்னு ஒரு சுரப்பி. பரீட்சை நடக்கற இடம். கணையத்துல மட்டும் சுரக்கற இன்சுலின், தசையில மட்டும் இருக்கற பொருள், இப்படி உடம்பு பூராவும் இருக்கறதுக்கெல்லாம் இந்தச் சுரப்பி தானே சாம்பிள் செஞ்சு வெச்சிருக்கு. ஒவ்வொரு செல்லுக்கும் காட்டும். சாம்பிளைப் பார்த்துப் பாயற செல்லை அங்கேயே சாகடிச்சிடும். எதையுமே அடையாளம் தெரியாத செல்லும் செத்துடும்."

"நூத்துல எத்தனைங்க பாஸாகும்?" என்றார் மகுடேஸ்வரன். கேள்வி தானாக வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்!

"ரெண்டோ மூணோ."

மகுடேஸ்வரன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நூத்துக்குத் தொண்ணூத்தேழு ரிஜெக்டுங்களா? அப்படி ஒரு கம்பெனியை எவனுங்க நடத்துவான்?"

"நம்ம ஒவ்வொருத்தர் நெஞ்சுக்குள்ளயும் நடந்திருக்கு. குழந்தையா இருக்கும்போது தினமும் கோடிக்கணக்குல செக்கிங். நமக்கு ஒரு சத்தம் கேட்டதில்லை."

கைருதீனின் கை அவர் அறியாமலேயே சட்டைப் பொத்தானுக்குக் கீழே நெஞ்செலும்பைத் தடவிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாகக் காவல் பார்க்கிற மனுஷன். தனக்குள்ளே இப்படி ஒரு காவல் இருப்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

"வயசானா இந்தச் சுரப்பி சுருங்கிக் கொழுப்பாயிடும். நல்லம்மாளுக்கு அதுல கட்டி வளர்ந்திருக்கு. கட்டிக்குள்ளயும் டி செல் வளருது. ஆனா சாம்பிள் சரியாக் காட்டறதில்லை. பரீட்சை எழுதாத செல் வெளியே போயிருக்கு. போய், எதிர்ப்புப் பொருள் செய்யற வேற செல்களைத் தூண்டி விட்டிருக்கு. நரம்பு தசைக்கு உத்தரவு கொடுக்கற இடத்துல அந்தப் பொருள் போய் அடைச்சுக்குது. உழைக்க உழைக்க உத்தரவு போய்ச் சேராது. ஓய்வெடுத்தா கொஞ்சம் சேரும். முதல்ல இமை, அப்புறம் பார்வை, மெல்லறது, விழுங்கறது, கடைசியா மூச்சு."

"அந்தப் பலகையில இருந்தது அதுதான்," என்றாள் இந்துமதி. "மணிக்கு மணி அவங்க தசையோட கதையை நீங்களே போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்க. ஆனா படிக்கலை. காலையில பார்த்த பீஸ்ல ஓட்டை இல்லை. இடைவேளைக்கு முன்னாலயும் சாயங்காலமும் பார்த்ததுலதான். எந்த எதிரியும் இப்படி நேரம் பார்த்துக் கத்தரிக்க மாட்டான்."

ஜுபைதா மெதுவாகக் கேட்டாள்: "மாத்திரைங்க டாக்டரம்மா?"

"லட்சம் பேர் சாப்பிடற மாத்திரைதான். நோயை அது உண்டாக்கலை. ஏற்கெனவே பலமில்லாத அந்த இடத்தை அது இன்னும் கொஞ்சம் அழுத்திடும். இந்த நோய் இருக்கறவங்களுக்கு அது ஆகாது. நோய் இருக்கறது அவங்களுக்கே தெரியாதப்போ உங்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டரைக் கேட்காம இனிமேல் வாங்கிக் கொடுக்காதீங்க, அவ்வளவுதான். மாத்திரை கொடுத்ததை நேத்தே சொல்லியிருந்தா எனக்கு ஒரு நாள் மிச்சமாயிருக்கும்."

ஜுபைதா தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒரு சந்தேகம் டாக்டர்," என்றாள் இந்துமதி. "அந்தப் பரீட்சையில தப்பிச்சு ஒண்ணு ரெண்டு எல்லாருக்கும் வெளியே வருமே. நமக்கெல்லாம் ஏன் இப்படி ஆகலை?"

"வருது. உங்களுக்கும் எனக்கும் இந்த நிமிஷம் ரத்தத்துல ஓடிட்டிருக்கு. ஆனா டி செல்லுலயே இன்னொரு வகை இருக்கு. கொல்லாது. தப்பா வெளியே வந்தவனைப் பிடிச்சு அடக்கி வெக்கும். ஒழுங்குபடுத்தற டி செல். இந்தக் கட்டியில இருந்து அந்த வகை சரியா வெளியே வரலை."

இந்துமதி முதலாளியின் பக்கம் திரும்பினாள். "ஒரு மாசமா உங்க கம்பெனியில அந்த வேலையைப் பார்த்தது யாருன்னு இப்பத் தெரியுதுங்களா? முதல் செக்கிங்ல தப்பிச்சு வந்ததையெல்லாம் சத்தமில்லாம ஒருத்தர் நிறுத்திட்டிருந்தாங்க. அவங்க ரெண்டே நாள் லீவு போட்டாங்க, உங்க ஷிப்மென்ட் நின்னுபோச்சு. அவங்க மேலதான் நாம கொலைக் கேசு எழுதப் பார்த்தோம்."

முருகவேல் எழுந்தான். சாயம் படிந்த கைகளைக் கூப்பிக்கொண்டு ஜுபைதாவுக்கு எதிரே போய் நின்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடனே மன்னிக்கிற அளவுக்கு அவன் சின்ன வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

மகுடேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க டாக்டர், அப்ப ரெண்டாவது ஆளு ஒருத்தர் பார்த்தே ஆகோணும்ங்கறீங்க. திங்கக்கிழமையில இருந்து செக்கிங்குக்கு அப்புறம் ஒரு செக்கிங் போட்டர்றனுங்க. ஜுபைதாவே பார்க்கட்டும்." முதலாளி முதலாளிதான். உடம்பின் ரகசியத்தைக் கேட்டுவிட்டும் கம்பெனிக்கு ஒரு ரூல் எடுத்துக்கொண்டுதான் எழுந்தார்.

பன்னிரண்டாம் நாள், காலை 10.30. அதே மருத்துவமனை.

ரத்தத்திலிருந்து அந்த எதிர்ப்புப் பொருளை ஐந்து தடவை பிரித்தெடுத்திருந்தார்கள். முந்தாநாள் குழாயை எடுத்தாயிற்று. கட்டியை எடுக்க அடுத்த மாதம் கோயமுத்தூரில் ஆபரேஷன். வழக்கை முடிக்க இந்துமதிக்கு ஒரு வாக்குமூலம் வேண்டியிருந்தது. கைருதீன் பேனாவைத் திறந்தார்.

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் உண்டுங்களா?"

"இல்லீங்க." நல்லம்மாளின் குரல் இன்னும் மூக்கில்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "அன்னிக்கு இங்க பேசுனது எல்லாம் எனக்குக் கேட்டுச்சுங்க மேடம். கண்ணுதான் திறக்கல. காது நல்லாத்தான் இருந்துச்சு. எம் புருஷன் கால்மாட்டுல நின்னு ஜுபைதாதான்னு கத்துனாரு. இல்லைன்னு சொல்லத் துடிச்சேன். ஒரு வெரல்கூட எந்திரிக்கல. நான் இப்படியே செத்தா அவளை ஜெயில்ல போட்டுருவாங்களேன்னு, சாகக் கூடாது, சாகக் கூடாதுன்னு நெனச்சுட்டே கெடந்தேனுங்க."

கைருதீன் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு மாதமாக ஜுபைதா என்ன செய்தாள் என்பது நல்லம்மாளுக்கு இதுவரை தெரியாது. இந்துமதி சொன்னாள். தேதி, மணி, பண்டல் எண்ணிக்கை எதையும் விடாமல் சொன்னாள்.

"நான் பாஸ் பண்ணுனது எல்லாம் சரின்னு நெனச்சுட்டு ஊட்டுக்குப் போனனுங்களே," என்றாள் நல்லம்மாள். "தெனமும் நிம்மதியாத் தூங்குனனே."

ஜுபைதா வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வர அவளுக்குத் தயக்கமாக இருந்தது.

"ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொன்னா நீ அன்னிக்கே வேலையை உட்டுட்டுப் போயிருப்பேக்கா," என்றாள் ஜுபைதா. "அப்புறம் நான் யாருகூட உக்காந்து வேலை பார்க்கறது?"